கோன்யாக்கில் கோலா கலக்கலாமா? – கடிதம்

அன்புள்ள அண்ணா,

காரைக்காலில் இருந்து எழுதுகிறேன். என் தாய்மாமா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று, பாரிஸ் பக்கத்தில் சார்சலில் இருக்கிறார். போன மாதம் என் தங்கை கல்யாணத்துக்கு வந்தபோது ஒரு கோன்யாக்கும் ஒரு அர்மன்யாக்கும் கொண்டுவந்தார், இரண்டும் பிரெஞ்சு பிராந்தி. ராத்திரி மொட்டைமாடியில் உட்கார்ந்தோம். பசங்க கோன்யாக்கைத் திறந்து கோலா ஊற்றினார்கள். அரை மணி நேரத்தில் பாட்டில் காலி. மாமா எதுவும் சொல்லவில்லை, ஆனால் முகம் மாறிவிட்டது. அர்மன்யாக்கை எடுத்துக்கொண்டு போய்த் தன் அறையில் வைத்துவிட்டார். மறுநாள் மதியம் சாப்பாடு முடிந்து காப்பி குடித்த பிறகு, எனக்கு மட்டும் அதில் கொஞ்சூண்டு ஊற்றிக் கொடுத்தார். தன் பங்கை அவர் குடித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது.

இதற்கெல்லாம் சரியான முறை என்று ஒன்று இருக்கிறதா? படங்களில் கோப்பையை மெழுகுவர்த்தியில் காட்டிச் சூடாக்குகிறார்களே, அது எதற்கு? பிரெஞ்சுக்காரர்கள் எல்லாருமே மாமா மாதிரிதான் குடிக்கிறார்களா, இல்லை அவருக்கு வயதாகிவிட்டதா? அடுத்த வருடம் அங்கே ஒரு கல்யாணத்துக்குப் போகிறேன், அதனால்தான் கேட்கிறேன்.

ர., காரைக்கால்

*

அன்புள்ள ர.,

கோலா கலந்ததில் பெரிய குற்றம் ஒன்றும் இல்லை. கோன்யாக் நகரத்திலேயே இன்றைக்கு டானிக்கும் ஐஸும் போட்டுக் குடிக்கிறார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பாரிஸ் கஃபேக்களில் ‘ஃபீன் அ லோ’ என்று கேட்டால் பிராந்தியும் தண்ணீரும் வரும். அன்றைக்கு அது சர்வசாதாரணம். இன்னொன்று உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். தயாராகும் கோன்யாக்கில் 95 சதவீதத்துக்கும் மேல் பிரான்ஸை விட்டு வெளியே போய்விடுகிறது. அமெரிக்காவும் சீனாவும்தான் பெரிய சந்தைகள். சராசரி பிரெஞ்சு வீட்டு அலமாரியில் கோன்யாக்கைவிட விஸ்கி இருப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

ஆகவே மாமாவின் முகம் மாறியதற்குக் காரணம் கோலா இல்லை, அந்த அரை மணி நேரம் என்றுதான் நினைக்கிறேன். நம் ஊரில் குடி என்றால் வெறும் வயிற்றில், மிக்சரையோ ஊறுகாயையோ தொட்டுக்கொண்டு, ஏறும்வரை. சாப்பாடு அதற்கப்புறம், பல நாள் ஆறிப்போய். பிரான்ஸில் சாப்பாடுதான் நடுநாயகம். மற்றவை அதைச் சுற்றி வரிசையாக வரும். பசியைக் கிளப்ப முதலில் ஒன்று, சாப்பாட்டோடு வைன், எல்லாம் முடிந்து காப்பியும் வந்துபோன பிறகு காய்ச்சி வடித்த சரக்கு. அந்தக் கடைசிக் குடி நம் 30 மில்லி பெக்கைத் தாண்டாது. வயிறு நிறைந்திருக்கிறது, யாருக்கும் அவசரம் இல்லை, பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் மாமா அந்த வரிசைக்குப் பழகியவர். வயதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பாட்டிலுக்குள் இருப்பது என்ன என்றும் தெரிந்துகொள்ள வேண்டும். நம் கடைகளில் பிராந்தி என்று விற்பது பெரும்பாலும் சர்க்கரை ஆலையின் மொலாசஸிலிருந்து வடித்த எரிசாராயத்தில் நிறமும் மணமும் சேர்த்தது. மாமா கொண்டுவந்த இரண்டும் திராட்சை வைனைக் காய்ச்சியவை. கோன்யாக்குக்கான வைன் ஒரே புளிப்பு, போதையும் 9 சதவீதம் அளவில்தான் இருக்கும். அப்படியே குடிக்க நன்றாக இராது, காய்ச்சுவதற்கு அந்தப் புளிப்புதான் தோது. செப்பு வாலையில் (காய்ச்சி வடிக்கும் பாத்திரம்) இரண்டு தடவை வடிக்கிறார்கள். மார்ச் 31க்குள் அந்த அறுவடையின் வைனைக் காய்ச்சி முடித்துவிட வேண்டும் என்பது விதி. 70 சதவீதம் அளவில் நிறமே இல்லாமல் இறங்கும் சாராயம் ஓக் பீப்பாய்க்குப் போகிறது. லேபிளில் விஎஸ் என்றிருந்தால் குறைந்தது 2 வருடம் பீப்பாயில் இருந்தது, விஎஸ்ஓபி என்றால் 4, எக்ஸ்ஓ என்றால் 10 (2018 வரை 6 போதுமாக இருந்தது). வருடா வருடம் ஒரு பகுதி ஆவியாகிப் போய்விடும். அதை தேவதைகளின் பங்கு என்பார்கள். அந்த ஆவியில் வளரும் ஒரு பூஞ்சை, கிடங்குகளின் சுவர்களையும் கூரை ஓடுகளையும் கருப்பாக்கி வைத்திருக்கிறது. கோன்யாக் தெருக்களில் நடந்தால் எந்தக் கட்டடத்தில் சரக்கு இருக்கிறது என்பதைச் சுவரைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இரண்டில் என் மனம் அர்மன்யாக் பக்கம்தான். கோன்யாக்குக்கு ஷராந்த் ஆறு இருந்தது, படகிலேறினால் கடல். அதனால் 1715இல் மார்த்தெல், 1765இல் ஹென்னஸி என்று பெரிய வணிக நிறுவனங்கள் அங்கே வேரூன்றின. தெற்கே, அர்மன்யாக் வடிக்கும் கஸ்கோனியில் அப்படி ஒரு வழி வாய்க்கவில்லை. அர்மன்யாக் பெரும்பாலும் சிறு விவசாயிகளிடமே தங்கிவிட்டது. வயதில் இதுதான் மூத்தது. 1310இலேயே வித்தால் து ஃபூர் என்ற பிரான்சிஸ்கன் துறவி இந்தச் சாராயத்தின் 40 மருத்துவ குணங்களை எழுதி வைத்திருக்கிறார். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஃபில்லாக்சரா பூச்சி திராட்சைத் தோட்டங்களை அழித்தபோது, பிரான்சுவா பாக்கோ என்ற பள்ளி ஆசிரியர் ஒரு கலப்பினக் கொடியை உருவாக்கினார். அவர் பெயரைத் தாங்கிய அந்தத் திராட்சை இன்றும் அர்மன்யாக்கில் இருக்கிறது.

அர்மன்யாக் வாலை உயரமான செப்புத் தூண். வைன் அதில் ஒரே ஒரு முறைதான் போகும். 52 முதல் 60 சதவீதத்துக்குள் இறங்குவதால் திராட்சையின் வாசனை நிறைய மிஞ்சுகிறது. சின்னப் பண்ணைகளில் சொந்த வாலை இருக்காது. சக்கரத்தில் ஏற்றிய வாலையோடு காய்ச்சுபவர் அறுவடை முடிந்ததும் பண்ணை பண்ணையாக வருவார். நவம்பர் இரவு ஒன்றில் அதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வெளியே எலும்பு உறைகிற குளிர், கொட்டகைக்குள் விறகு அனல். காய்ச்சுபவர் அடுப்புக்கு ஒரு கட்டை, குழாய்க்கு ஒரு பார்வை என்று மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தார். மெலிதாக இறங்கிக்கொண்டிருந்த சாராயத்தில் நாலு சொட்டு உள்ளங்கையில் வாங்கி, இரண்டு கையையும் பரபரவென்று தேய்த்து முகர்ந்தார். பிறகு என் கையிலும் விட்டார். சாராய நெடி பறந்ததும் திராட்சைப் பூவும் வெந்த பழமும் கலந்த மணம் தங்கியது. அடுப்பை அணைக்க முடியாது, ராத்திரி முழுக்க யாராவது விழித்திருக்க வேண்டும். அதனால் அக்கம்பக்கத்தார் வந்துவிடுகிறார்கள். அதே தணலில் வாத்துக்கறி சுட்டு, வாலைக்குப் பக்கத்திலேயே மேசை போட்டுச் சாப்பிடுகிறார்கள். அங்கே யாரும் மடமடவென்று குடித்து நான் பார்க்கவில்லை.

அர்மன்யாக்கில் இன்னொரு விசேஷம், லேபிளில் ஆண்டு போடுவார்கள். அது அறுவடை ஆண்டு. மரத்தில் ஊறியது போதும் என்று தோன்றினால் பெரிய கண்ணாடிக் குடுவைகளுக்கு மாற்றிவிடுவார்கள், அதோடு முதிர்ச்சி நின்றுவிடும். ஒருவர் பிறந்த வருடத்தைப் பார்த்து வாங்கிப் பரிசளிப்பது அங்கே வழக்கம். மாமா எடுத்து வைத்த பாட்டிலின் லேபிளை ஒருமுறை பாருங்கள். உங்கள் தங்கை பிறந்த வருடம் அதில் இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

மெழுகுவர்த்தி வேண்டவே வேண்டாம். சூடானால் சாராயம் முன்னால் எழும்பி மூக்கில் அடிக்கும், பத்து வருடம் மரத்தில் சேர்ந்த வாசனை அதற்குப் பின்னால் மறைந்துவிடும். உள்ளங்கைச் சூடு தாராளம். படத்தில் வரும் பெரிய உருண்டைக் கோப்பையைவிட, வாய் குறுகிய சின்னக் கோப்பையைத்தான் ருசி பார்ப்பவர்கள் விரும்புகிறார்கள். ஊற்றியதும் குடிக்காதீர்கள். சில நிமிடம் வைத்து, மூக்கைக் கோப்பைக்குள் நுழைக்காமல் மேலாக முகர்ந்து, நாக்கு நனைகிற அளவு எடுத்துக்கொள்ளுங்கள். குடிக்காத அத்தைகூட ஒரு சர்க்கரைக் கட்டியை அடுத்தவர் கோப்பையில் முக்கி வாயில் போட்டுக்கொள்வார். அதற்கு ‘கனார்’ என்று பெயர், வாத்து.

வடக்கே நார்மண்டியில் திராட்சை சரியாக விளையாது, ஆப்பிள்தான். கடித்துத் தின்ன முடியாத கசப்பும் துவர்ப்புமான சின்ன ஆப்பிள்களைப் பிழிந்து, புளிக்க வைத்து சைடர் ஆக்கி, அதைக் காய்ச்சினால் கால்வடோஸ். தொம்ஃப்ரோன் பக்கத்துக் கால்வடோஸில் குறைந்தது 30 சதவீதம் பேரிக்காய் இருக்க வேண்டும். இது சாப்பாட்டுக்கு நடுவிலேயே வரும். பெரிய விருந்தில் மீனுக்கும் கறிக்கும் இடையே ஒரு சின்னக் கிளாஸ். நார்மண்டி ஓட்டை என்பார்கள், வயிற்றில் அடுத்த பதார்த்தத்துக்கு இடம் பண்ணுகிறதாம். உண்மையில் மது இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தவே செய்யும். இப்போதெல்லாம் ஆப்பிள் சோர்பே (பால் சேர்க்காத பழ ஐஸ்) ஒரு கரண்டி வைத்து அதன்மேல் ஊற்றித் தருகிறார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது காப்பி முடிந்தபின் நடப்பது. கோப்பையில் சூடு ஆறுவதற்குள், அடியில் தங்கிய காப்பிச் சர்க்கரையோடு கொஞ்சம் கால்வடோஸ் விட்டு அலசிக் குடிப்பார்கள், ‘ரேன்செத்’. வீட்டுக்காரர் மறுபடியும் பாட்டிலைச் சாய்த்தால் அதற்கும் தனிப் பெயர் உண்டு, ‘சுர்ரேன்செத்’.

தெற்கே மார்செய் பக்கம் போனால் கதை தலைகீழ். பஸ்தீஸ் சாப்பாட்டுக்கு முன்னால் குடிப்பது. அப்சாந்த் என்ற மூலிகைச் சாராயம் பைத்தியம் பிடிக்க வைக்கிறது என்று சொல்லி 1915இல் பிரான்ஸ் அதைத் தடை செய்தது. அந்த இடத்தை மெல்ல நிரப்பியது சோம்பும் அதிமதுரமும் போட்ட பஸ்தீஸ். மார்செயில் பால் ரிகார் தன்னுடையதை 1932இல் சந்தைக்குக் கொண்டுவந்தார். ஒரு பங்குக்கு ஐந்து பங்கு குளிர்ந்த தண்ணீர். சோம்பு எண்ணெய் சாராயத்தில் கரையும், தண்ணீரில் கரையாது. அதனால் தண்ணீர் பட்டதும் அரிசி களைந்த தண்ணீர் போலக் கலங்கிவிடும். ஐஸ் கடைசியில்தான் போட வேண்டும். முதலிலேயே போட்டால் எண்ணெய் உறைந்து செதில் செதிலாக நிற்கும். அப்சாந்த் 2011இல் சட்டபூர்வமாகத் திரும்பி வந்துவிட்டது. சர்க்கரைக் கட்டிக்குத் தீ வைத்துக் குடிப்பதை இணையத்தில் பார்த்திருப்பீர்கள். அது பழைய முறையே இல்லை. பழைய முறையில் ஓட்டைக் கரண்டிமேல் சர்க்கரையை வைத்துக் குளிர்ந்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள்.

காரைக்காலில் இருந்து கேட்கிறீர்கள் என்பதால் இதைச் சொல்லாமல் விட முடியாது. கரீபியனில் பிரான்ஸுக்குச் சொந்தமான மர்த்தினிக் தீவில் 1848இல் அடிமை முறை ஒழிந்ததும் கரும்பு வெட்ட ஆள் தேடினார்கள். 1853 முதல் முப்பது வருடத்தில் சுமார் 25,000 பேர் இந்தியாவிலிருந்து அங்கே ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். பெருந்தொகை தமிழர்கள். உங்கள் ஊர்த் துறையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கப்பல் ஏறியவர்கள். அந்தத் தீவின் ரம், மொலாசஸிலிருந்து வராமல் கரும்புச்சாற்றிலிருந்தே நேராக வடிப்பது. 1996இல் அதற்குப் பிரெஞ்சு அரசின் ஊர்ப்பெயர் உரிமை (வேறு ஊர்ச் சரக்குக்கு அந்தப் பெயரைப் போட முடியாது) கிடைத்தது. ‘தி-பொன்ஷ்’ என்று குடிப்பார்கள்: வெள்ளை ரம், எலுமிச்சையில் ஒரு சீவல், கொஞ்சம் கரும்புப் பாகு. ஐஸ் கிடையாது. பாட்டிலை மேசையில் வைத்துவிடுவார்கள், அவரவருக்கு அவரவரே கலந்துகொள்ள வேண்டும். மதுரை வீரன் அங்கே ‘மல்தேவிதான்’ என்ற பெயரில் சாமியாகியிருக்கிறார், அவருக்கும் ரம் படைக்கிறார்கள். பிரெஞ்சுச் சாராயம் என்றதும் மாளிகைகளும் ஓக் பீப்பாய்களும்தான் நினைவுக்கு வருகின்றன. நம்மவர்களின் முதுகு ஒடிந்த ஒரு சாராயமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது என்பது தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பிரெஞ்சுக்காரர்கள் எல்லாரும் அளவறிந்து குடிப்பவர்கள் என்றும் எண்ணிவிடாதீர்கள். வேலைக்குப் போகும் வழியில் காலையிலேயே காப்பியோடு கால்வடோஸ் போட்டுக்கொண்ட தலைமுறைகள் உண்டு. பதினான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பள்ளி உணவகத்தில் மது தரக்கூடாது என்று 1956இல்தான் உத்தரவு வந்தது. அதுவரை வைனோ சைடரோ தண்ணீரில் கலந்து கொடுத்திருக்கிறார்கள். சொந்தப் பழத்தோட்டம் வைத்திருப்பவர் 10 லிட்டர் சுத்தச் சாராயம்வரை வரியில்லாமல் வடித்துக்கொள்ளும் உரிமை அப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. குடிநோயைக் காரணம் காட்டி 1960இல் அந்த வாரிசு உரிமையை நிறுத்தினார்கள், ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு மட்டும் ஆயுள் வரை விட்டார்கள். கிராமங்கள் கொதித்தன. 1991இல் மது விளம்பரங்களுக்குக் கடும் கட்டுப்பாடு வந்தது. மாமாவின் அந்த முக்கால் மணி நேரத்துக்குப் பின்னால், ஒரு நாடு தன்னோடு நடத்திய இந்தச் சண்டையும் இருக்கிறது.

மாமாவின் அர்மன்யாக்கில் மீதி இருந்தால் பாட்டிலை நிமிர்த்தியே வையுங்கள். வைன் மாதிரி படுக்க வைத்தால் சாராயம் கார்க்கை அரித்துவிடும். வெயில் படக்கூடாது. மாதக்கணக்கில் கெடாது, ஆனால் கால் பாட்டிலுக்குக் கீழே போய்விட்டால் சீக்கிரம் முடித்துவிடுவது நல்லது, வாசனை மங்கும்.

கல்யாண விருந்தைப் பொறுத்தவரை, யாராவது வாழ்த்துச் சொல்லும்வரை கோப்பையில் வாய் வைக்காதீர்கள். கோப்பைகளை முட்டும்போது எதிரில் இருப்பவரின் கண்ணைப் பாருங்கள், அதை முக்கியமாக நினைப்பார்கள். உங்கள் கோப்பையை நீங்களே நிரப்பிக்கொள்ள வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் கவனித்துக்கொள்வார். போதும் என்றால் கோப்பையைக் காலியாக்காமல் விட்டுவிடுங்கள், மறுபடி ஊற்ற மாட்டார்கள். வண்டி ஓட்டுவதாக இருந்தால் அங்கே ரத்தத்தில் வரம்பு லிட்டருக்கு 0.5 கிராம், புதிதாக உரிமம் எடுத்தவர்களுக்கு 0.2. குடிக்கவே விருப்பமில்லை என்றால் ‘மாந்த் அ லோ’ கேளுங்கள். புதினா சிரப்பில் குளிர்ந்த தண்ணீர், பச்சைப் பசேல் என்று இருக்கும். ஏன் குடிக்கவில்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

அன்புடன்