அந்தத் தாள் எங்கே?

கேள்வி: குடும்பத்தோடு மலேசியாவில் உள்ள பினாங்குத் தீவுக்குப் போய் வந்தோம். ஜார்ஜ் டவுன் சுவர் ஓவியங்கள், பினாங்கு மலை, வெள்ளைக்காரர் கட்டிய கோட்டை என்று எனக்குப் பார்த்துத் தீரவில்லை. கணவரும் கல்லூரியில் படிக்கும் மகனும் அறையில் போனோடு படுத்துக்கிடந்தார்கள். மேலூரில் இருக்கும் என் அப்பா, தாத்தா ரப்பர் மரத்தில் பால் வெட்டிய தோட்டத்தின் பெயரைத் தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். சுங்கைப்பட்டாணிப் பக்கமாம், அலைச்சல் என்று விட்டுவிட்டோம். இவர்களுக்கு எப்படி வரலாற்றில் ஆர்வம் ஊட்டுவது?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: கணவரையும் மகனையும் அப்புறம் பார்ப்போம். அந்தத் தாள் எங்கே அம்மா?

ஆர்மீனியன் தெருச் சுவரில் நிஜ சைக்கிளைப் பதித்து அதன்மேல் இரண்டு குழந்தைகளை 2012-இல் வரைந்தார் லித்துவேனியாக்காரர் எர்னஸ்ட் ஸகாரெவிச். அங்கே படம் எடுக்க வரிசையில் நின்றிருப்பீர்கள். தப்பில்லை, அழகான வேலை. 1923 முதல் ஓடும் மலை ரயிலுக்கும் நின்றிருப்பீர்கள். சுங்கைப்பட்டாணி மட்டும் அலைச்சல்! பாலத்தைத் தாண்டினால் காரில் ஏறத்தாழ ஒரு மணி நேரம், மதுரையிலிருந்து திண்டுக்கல் போகிற நேரம்தான்.

ஆங்கிலேயர் பிரான்சிஸ் லைட் 1786-இல் பினாங்கில் வந்து இறங்கிய கதையைப் படித்திருப்பீர்கள். நாகப்பட்டினத்துக் கப்பல்களில் தமிழ்க் கூலிகள் வந்து இறங்கியதும் அதே பினாங்கில்தான். உங்கள் தாத்தாவைத் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி கூட்டிப்போனாரா, தானே போனாரா? 1938-இல் இந்திய அரசு கூலி ஆட்களை அனுப்புவதை நிறுத்தியதே, அதற்கு முன்பா? 1942-43-இல் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட சயாம் மரண ரயில் வேலைக்கு ஜப்பான்காரர்கள் தோட்டத் தமிழர்களை அள்ளிக்கொண்டு போனார்கள், ஏராளமானோர் திரும்பவில்லை. அப்போது உங்கள் தாத்தா எங்கே இருந்தார்? ஒன்றுக்காவது பதில் தெரியுமா?

அப்பா பணம் கேட்டிருந்தால் அன்றைக்கே அனுப்பியிருப்பீர்கள். மாத்திரை வாங்கிக் கொடுப்பதோடு பிள்ளைகளின் கடமை முடிந்தது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சொந்தத் தாத்தா பால் வெட்டிய இடத்தையே அலைச்சல் என்று அம்மா சொல்லக் கேட்ட பையன், வெள்ளைக்காரன் கோட்டையைப் பார்க்க எதற்கு எழுந்து வர வேண்டும்?

இந்த ஞாயிற்றுக்கிழமை மேலூர் போங்கள். மகனும் வரட்டும், போனும் வரட்டும். அவன் தாத்தா பேசுவதைப் பதிவு செய்ய அது வேண்டும். நேரமில்லை என்று கதை சொல்லாமல், தோட்டத்துக்குப் போகவில்லை என்று அப்பாவிடம் நேராகச் சொல்லுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். நடக்கத் தெம்பிருந்தால் அவருக்குப் பாஸ்போர்ட் எடுங்கள், மதுரையிலேயே அலுவலகம் இருக்கிறது. அடுத்த முறை முதல் நாளே சுங்கைப்பட்டாணி. பல ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கு, அதாவது பாமாயில் மரத்துக்கு, மாறிவிட்டன, பெயர்ப் பலகைகூட மிஞ்சாமல் இருக்கலாம். அதனால் தோட்டத்துக் கோயில் எந்தச் சாமிக்கு, எந்தப் பக்கம் இருந்தது என்று இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அங்குள்ள தமிழர்களிடம் விசாரிக்கும்போது அதுதான் கைகொடுக்கும்.