கடலோர வீட்டில் நன்னீர்ச் செடித்தொட்டி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கண்ணாடித் தொட்டியில் நீர்ச்செடிகளையும் மீன்களையும் வளர்ப்பது பற்றிக் கீழக்கரை, மண்டபம், தொண்டி பக்கங்களிலிருந்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை செடியில் தொடங்கித் தண்ணீரில் வந்து நிற்கின்றன. ஆகவே தண்ணீரைப் பற்றிய கேள்வியையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டு போர் தண்ணீர் லேசாக உப்புக் கரிக்கும். அதில் செடித்தொட்டி அமைக்க முடியுமா, அல்லது கேன் தண்ணீர்தான் வாங்க வேண்டுமா? (கீழக்கரை வாசகி)

முடியும், அம்மா. ஆனால் கரிப்பு வேறு, கடினத்தன்மை வேறு. நம் கரையில் இரண்டும் சேர்ந்தே வருவதால் பலரும் அவற்றை ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். கரிப்புக்குக் காரணம் பெரும்பாலும் நாம் சமையலில் போடும் அதே உப்புதான். சோப்பு நுரைக்காமல் திரிந்துபோவதற்கும், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதற்கும் கால்சியமும் மக்னீசியமும் காரணம். இதைத்தான் கடினத்தன்மை என்கிறோம். கடினத்தன்மை நமக்குப் பகையன்று. வாலிஸ்நேரியா, ஹைட்ரில்லா, ஜாவா ஃபெர்ன் ஆகிய செடிகள் அதைத் தாங்கும். கப்பி, மோலி, பிளாட்டி ஆகிய மீன்கள் அதை விரும்பவே செய்யும். கரிப்பு மிகும்போதுதான் இலை நுனிகள் பழுத்துக் கருகத் தொடங்கும்.

தொட்டி வாங்கும் முன்பே பேனா வடிவில் கிடைக்கும் ஒரு டி.டி.எஸ். மீட்டரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் நீரில் மொத்தம் எத்தனை மில்லிகிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன என்பதை அது ஏறத்தாழக் காட்டும்; எந்த உப்பு என்று காட்டாது. இந்தியக் குடிநீர்த் தரநிலை 500 வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதிக்கலாம் என்றும் கூறுகிறது. செடித்தொட்டிக்கு 300 முதல் 700 வரை இருந்தால் போதும் என்பது என் கருத்து. உங்கள் போர் தண்ணீர் 1800 காட்டி, கேன் தண்ணீர் 50 காட்டினால், ஒரு குடம் போர் தண்ணீருக்கு இரண்டு குடம் கேன் தண்ணீர் கலந்தால் ஏறக்குறைய 630 வரும். கேன் தண்ணீரை மட்டும் ஊற்றினால் செடிக்கும் மீனுக்கும் தேவையான தாதுக்கள் இல்லாமல் போகும்; ஆகவே கலவைதான் சிக்கனம், அதுவே நலம். ஐப்பசி, கார்த்திகையில் பிடித்து வைக்கும் மழைநீர் கேன் தண்ணீரினும் மேலானது, செலவும் இல்லை. முதல் மழை மொட்டைமாடியைக் கழுவிப் போகட்டும். அடுத்த மழையிலிருந்து பிடியுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், பலர் இதில்தான் தவறுகிறார்கள். கோடையில் தொட்டியின் நீர்மட்டம் இறங்கும்போது கண்ணாடியில் சுண்ணாம்பு பூசியதுபோல் ஒரு வெள்ளைக் கோடு விழுவதைப் பார்த்திருப்பீர்கள். நீர் ஆவியாகிப் போகிறது, உப்பு போவதில்லை. குறைந்த அளவை மறுபடியும் போர் தண்ணீராலேயே நிரப்பிக்கொண்டிருந்தால், 600இல் தொடங்கிய தொட்டி சில மாதங்களில் எங்கேயோ போய் நிற்கும். ஆவியான அளவை மழைநீராலோ கேன் தண்ணீராலோ ஈடுகட்டுங்கள். வாரம் ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு நீரை எடுத்துவிட்டு மாற்றும்போது மட்டும் கலவை நீரை ஊற்றுங்கள்.

வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் இருக்கிறது. அதிலிருந்து வெளியேறும் கழிவுநீரைப் பயன்படுத்தலாமா? (இராமநாதபுரம் வாசகர்)

வேண்டாம். பிரித்தெடுத்த உப்பெல்லாம் அந்த நீரில்தான் இருக்கிறது. தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

கடற்கரை மணலும் சிப்பியும் பவளக்கல்லும் எங்களுக்குக் காசில்லாமல் கிடைக்கின்றன. அவற்றைத் தொட்டியில் போடலாமா? (மண்டபம் மாணவர்)

தம்பி, பவளக்கல்லை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது சட்டத்தைப் பற்றியது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகின்றன. பவளப்பாறைகள் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. உயிருள்ளதோ கரையொதுங்கியதோ, பவளக்கல்லை எடுத்து வராதீர்கள்.

மணலும் சிப்பியும் வேறு காரணத்தால் ஆகாதவை. ஒரு தட்டில் சிறிது மணலை வைத்து அதன்மேல் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து, காதைக் கிட்டே கொண்டுபோங்கள். மெல்லிய சீறல் கேட்டு, மணிகளுக்கிடையே நுரை பொங்கினால், அந்த மணலில் ஓட்டுத்தூள், அதாவது கால்சியம் கார்பனேட், கலந்திருக்கிறது என்று பொருள். அது நீரின் காரத்தன்மையையும் கடினத்தன்மையையும் ஏற்றக்கூடியது. நானும் தொடக்கத்தில் அழகுக்காக இரண்டு கைப்பிடிச் சிப்பிகளை நன்றாகக் கழுவித்தான் போட்டேன்; கிரிப்டோகோரின் என்ற நீர்ச்செடியின் இலைகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடிபோல் கரைந்துபோனபோது காரணம் விளங்காமல் உரத்தை மாற்றி மாற்றிப் போட்டு இரண்டு மாதங்களை வீணாக்கினேன். கட்டட வேலை நடக்கும் இடத்தில் மிஞ்சிய ஆற்று மணலைக் கேட்டு வாங்கி, சலித்து, கழுவும் நீர் தெளியும்வரை அலசுங்கள். அதையும் எலுமிச்சை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

செடித்தொட்டிக்கென்று கடையில் விற்கும் ‘அக்வா சாயில்’ என்ற மண்ணின் விலை அதிகமாக இருக்கிறது. மாற்று உண்டா? (திருப்புல்லாணி வாசகர்)

உண்டு, ஐயா. சாதாரண மண்ணே போதும், ஆனால் உவர் ஏறாத மண்ணாக இருக்க வேண்டும். வறண்டபின் மேலே வெள்ளை பூக்கும் மண்ணைத் தொடாதீர்கள். சாணமோ உரமோ கலக்காத செம்மண்ணைச் சலித்து, வாளியில் ஊறவைத்து, மிதக்கும் வேர், சருகுகளை வடித்துவிட்டு, காயவைத்து மீண்டும் ஊறவையுங்கள். மூன்று முறை செய்தால் போதும். ஒரு அங்குல உயரத்துக்கு மேல் மண் வேண்டாம். அதன்மேல் ஒன்றரை அங்குலம் மணல் போட்டு மூடுங்கள். நீர் ஊற்றும்போது மணலின் மேல் ஒரு தட்டை வைத்து, தட்டின்மேல் மெதுவாக விழவிடுங்கள். இல்லாவிட்டால் செய்த வேலையெல்லாம் ஒரு நொடியில் கலங்கிவிடும்.

கப்பி மீன்களை வாங்கி விட்டேன். மூன்றாம் நாள் நான்கு செத்துவிட்டன. தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. (தொண்டி வாசகி)

வருத்தமாக இருக்கிறது, அம்மா. தண்ணீரின் தெளிவை நம்ப முடியாது. குழாய் நீராக இருந்தால் குளோரின் முதல் காரணமாக இருக்கலாம். வாய் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தால் அது பெரும்பாலும் போய்விடும். ஆனால் மூன்றாம் நாள் இறந்தன என்பதால் நான் அம்மோனியாவையே சந்தேகிக்கிறேன். மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அம்மோனியாவாகின்றன. அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் புதுத் தொட்டியில் பெருக மூன்று முதல் ஆறு வாரங்கள் ஆகும். நம் பகுதிக்கென்று ஒரு கூடுதல் ஆபத்தும் உண்டு. வெப்பநிலை ஒன்றாகவே இருந்தாலும், அமில, காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7 உள்ள நீரைவிட 8 உள்ள நீரில் அம்மோனியாவின் நச்சு வடிவம் ஏறக்குறைய பத்து மடங்கு. கடினமான, காரமான, வெதுவெதுப்பான நம் நீரில் வேறு ஊர்க்காரர்களுக்குச் சரிப்பட்ட அவசரம் சரிப்படாது.

இப்போது தீனியை இரண்டு நாள் நிறுத்துங்கள். தினமும் கால் பங்கு நீரை மாற்றுங்கள். ஹைட்ரில்லாவையோ ஹார்ன்வோர்ட்டையோ கைநிறைய மிதக்கவிடுங்கள், வேகமாக வளரும் செடிகள் அம்மோனியாவை நேரடியாகவே உறிஞ்சிக்கொள்ளும். அடுத்த முறை செடிகளை மட்டும் நட்டு ஒரு மாதம் பொறுங்கள். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள, 50 லிட்டர் பிடிக்கும் தொட்டிக்கு முதலில் ஐந்தாறு கப்பிகள் போதும். அவை பெருகும் வேகத்தில் உங்களுக்கு வேறு மீன் தேவைப்படாது. வாங்கி வந்த மீன்களைப் பையோடு இருபது நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு, பிறகு ஒரு மணி நேரத்துக்குள் சிறிது சிறிதாகத் தொட்டி நீரைப் பையில் சேருங்கள், ஏனென்றால் கடைத் தண்ணீரும் நம் தண்ணீரும் ஒன்றல்ல.

விளக்கு, ஸ்டாண்டு, கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் என்று கடைக்காரர் பெரிய பட்டியல் தருகிறார். எது அவசியம்? (இராமேசுவரம் வாசகர்)

சிலிண்டர் அவசியமில்லை. வெண்ணிற ஒளி தரும் 6500 கெல்வின் எல்.இ.டி. குழல்விளக்கு ஒன்றை, 10 வாட் அளவில், நாளுக்கு ஏழு மணி நேரம் எரியவிடுங்கள். சன்னல் வெயில் நேராக விழும் இடத்தில் தொட்டியை வைத்தால் பாசிதான் வளரும். இரும்பு ஸ்டாண்டு கடற்காற்றில் சீக்கிரம் துருப்பிடித்துவிடும். மண்ணும் நீரும் சேர்ந்து எழுபது கிலோ வரை வருவதால், மட்டமான சிமென்டுத் திண்டில் தெர்மாகோல் பலகை விரித்து அதன்மேல் வையுங்கள். மிச்சப்படும் பணத்தில் ஸ்பாஞ்சு ஃபில்டரும் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பும் வாங்கலாம். 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கரையும் ஆக்சிஜன், 30 டிகிரியில் ஏழரையாகக் குறைகிறது. இரவில் செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால், சித்திரை மாத இரவில் மின்சாரம் போனால் அந்தப் பம்புதான் மீனைக் காப்பாற்றும்.

ஊரணியில் வளரும் செடிகளைப் பறித்து வந்து நடலாமா? பிறகு பெருகினால் அங்கேயே விட்டுவிடலாமா? (தேவிபட்டினம் வாசகர்)

குடிநீர் ஊரணியாக இல்லாவிட்டால் ஒரு கைப்பிடி எடுத்து வரலாம். ஆனால் நத்தை முட்டைகளும் தட்டான் பூச்சியின் குஞ்சுகளும் கூடவே வரும். தட்டான் குஞ்சு கப்பிக் குட்டிகளைப் பிடித்துத் தின்னும். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை இளஞ்சிவப்பு நிறம் வருமளவு கரைத்து, அதில் பத்து நிமிடம் செடிகளை ஊறவைத்து, நன்றாக அலசியபின் நடுங்கள்.

திரும்ப விடுவதற்கு மட்டும் என் பதில், கூடவே கூடாது. கடையில் வாங்கிய செடியும் மீனும் எந்த நீர்நிலைக்கும் போகக் கூடாது. டேங்க் கிளீனர் என்று விற்கப்படும், தென்னமெரிக்காவிலிருந்து வந்த சக்கர் மீன், தொட்டிகளிலிருந்து வெளியேறித் தமிழ்நாட்டின் நீர்நிலைகளில் பெருகி, வலைகளில் சிக்கி மீனவர்களுக்குத் தொல்லையாகிவிட்டது. மிஞ்சிய மீன்களை அக்கம்பக்கத்தில் தொட்டி வைத்திருப்பவர்களுக்குக் கொடுங்கள். மிஞ்சிய செடிகளை மொட்டைமாடியில் நன்றாகக் காயவைத்து, முருங்கை மரத்தடியில் போட்டுவிடுங்கள்.