மறுகுற்றம், பதிவேடு, அந்த 80 சதவீதம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பாலியல் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர்களின் பெயர், படம், முகவரியை இணையத்தில் வெளியிடும் அமெரிக்கப் பதிவேட்டைப் பற்றிப் போன முறை எழுதியதற்கு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. விடுதலையானவர்களில் 3 ஆண்டுகளில் பாலியல் குற்றத்துக்காக மீண்டும் கைதானவர்கள் 5 சதவீதம் என்று அதில் எழுதியிருந்தேன். பலர் ஒன்றையே கேட்டிருந்தால் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன். ஒரு வேண்டுகோள். சதவீதம் எதையாவது எடுத்துக்காட்டி எழுதும்போது, அது எத்தனை வருடக் கணக்கு, எண்ணியது மறுகைதையா மறுதண்டனையையா என்ற இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். இவை இல்லாத சதவீதத்தை வைத்துக்கொண்டு எதையும் பேச முடியாது.

நியூஜெர்சி எடிசனிலிருந்து ஒரு தாய்: புது வீட்டுக்கு வந்திருக்கிறோம். மாநில இணையதளத்தில் தேடியபோது எங்கள் தெருவிலேயே ஒருவரின் பெயர் இருக்கிறது. எனக்கு இரண்டு பெண் குழந்தைகள். வீட்டை மாற்றிவிடலாமா?

அதற்காக மாற்ற வேண்டாம். படத்தையும் முகவரியையும் மட்டும் பார்த்துவிட்டு மூடாமல், அந்தப் பதிவை முழுதாகப் படியுங்கள். என்ன குற்றம், எந்த ஆண்டு, வெளியே வந்து எத்தனை காலம்? கனடா ஆய்வாளர் கார்ல் ஹான்சன் குழுவினர் 2014-ல் வெளியிட்ட ஆய்வில் சுமார் 7,700 பாலியல் குற்றவாளிகளின் கணக்கு இருக்கிறது. அதிக ஆபத்து என்று மதிப்பிடப்பட்டவர்களில் முதல் 5 ஆண்டுகளில் 22 சதவீதம் பேர் மீண்டும் பாலியல் குற்றத்தில் சிக்கினார்கள். அதே பிரிவில், 10 ஆண்டுகள் குற்றமில்லாமல் வெளியில் வாழ்ந்தவர்களுக்கு அது சுமார் 4 சதவீதமாக இறங்கியிருந்தது. பதிவேட்டுப் பக்கம் இந்த வித்தியாசத்தைத் தானாகச் சொல்லாது. நீங்கள்தான் ஆண்டைப் பார்க்க வேண்டும்.

அப்புறம், உங்கள் கவனம் முழுவதையும் அந்த ஒரு வீட்டுக்குக் கொடுத்துவிடாதீர்கள். 2000-ல் வந்த அமெரிக்க நீதித்துறை அறிக்கையின்படி, காவல்துறைக்குத் தெரியவந்த வழக்குகளில் குழந்தைகளைத் துன்புறுத்தியவர்களில் முன்பின் தெரியாதவர்கள் 7 சதவீதம்தான். மூன்றில் ஒருவர் குடும்பத்தினர், மீதிப் பேர் தெரிந்தவர்கள். டியூஷனில், பாட்டு வகுப்பில், உறவினர் வீட்டில் உங்கள் பெண்கள் யாருடன் தனியாக இருக்கிறார்கள் என்று பாருங்கள். எதுவானாலும் உங்களிடம் சொல்லலாம் என்ற தைரியத்தை அவர்களுக்குக் கொடுங்கள். சொன்னால் நம்புங்கள்.

கோவை வாசகர்: குழந்தைகள் வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்கும் ஹாலோவீன் இரவில் இவர்களால் ஆபத்து அதிகம் என்று படித்தேன். உண்மையா?

இல்லை. 30 மாநிலங்களில் 9 ஆண்டுகளில் குழந்தைகள் மீது பதிவான சுமார் 67,000 பாலியல் குற்றங்களை அலசி, அந்த நாளில் எந்த உயர்வும் இல்லை என்று 2009-லேயே காட்டிவிட்டார்கள். அன்றைக்குக் கூடுதல் கவனம் தேவைப்படுவது சாலையைக் கடக்கும்போது.

டல்லஸிலிருந்து ஒருவர், இன்னும் பலரும்: பாலியல் குற்றவாளிகளில் 80 சதவீதம் பேர் மீண்டும் குற்றம் செய்வார்கள் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. நீங்கள் 5 சதவீதம் என்கிறீர்கள். நீதிமன்றத்தைவிட உங்களுக்கு அதிகம் தெரியுமா?

முதலில், நான் வெறுமனே 5 சதவீதம் என்று எழுதவில்லை. 3 ஆண்டுகளில், மறுகைது, பாலியல் குற்றத்துக்காக, 5 சதவீதம் என்று எழுதினேன். மூன்று சொற்களை விட்டுவிட்டு மேற்கோள் காட்டியிருக்கிறீர்கள்.

சரி, அந்த 80-க்கு வருவோம். இந்தத் துறையில் என்னை இதைப் போல வேறு எதுவும் கோபப்படுத்துவதில்லை, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

2002-ல் கான்சஸ் சிறைச் சிகிச்சைத் திட்டம் ஒன்றைப் பற்றிய வழக்கில், நீதிபதி ஆன்டனி கென்னடி எழுதிய தீர்ப்பில் இது வருகிறது. சிகிச்சை பெறாதவர்களின் மறுகுற்ற விகிதம் 80 சதவீதம் வரை இருக்கும் என மதிப்பிடப்படுகிறது, இந்த ஆபத்து அச்சமூட்டும் அளவுக்கு உயர்ந்தது என்று எழுதினார். அடுத்த ஆண்டு அலாஸ்கா பதிவேட்டு வழக்கிலும் ‘அச்சமூட்டும் அளவுக்கு உயர்ந்தது’ என்ற அதே சொற்றொடர் வந்தது. பதிவேடு தண்டனை அல்ல, பழைய குற்றங்களுக்கும் அதைப் பொருத்தலாம் என்று அந்த வழக்கில் முடிவானது. அதன்பின் நாடு முழுவதும் தீர்ப்புக்குத் தீர்ப்பு அந்தச் சொற்றொடர் எடுத்தாளப்பட்டது.

80 எங்கிருந்து வந்தது? 1988-ல் நீதித்துறை ஆதரவில் வெளியான கையேடு ஒன்றிலிருந்து. அந்தக் கையேட்டுக்கு அது எங்கிருந்து கிடைத்தது? 1986-ல் ஒரு வெகுஜன உளவியல் பத்திரிகையில் வந்த கட்டுரையிலிருந்து. எழுதியவர்கள் ஆரிகன் மாநிலத்தில் சிகிச்சைத் திட்டம் நடத்தியவர்கள். சிகிச்சை பெறாதவர்களில் பெரும்பாலோர் மீண்டும் குற்றம் செய்வார்கள் என்று ஒரு வாக்கியத்தில் 80-ஐப் போட்டார்கள். அதற்குத் தரவு கிடையாது, எத்தனை வருடம் என்பது கிடையாது, யாரை எண்ணினார்கள் என்பதும் கிடையாது. ஐரா எல்மன், டாரா எல்மன் என்ற இருவர் 2015-ல் இந்தச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகப் பின்னோக்கிப் போய்க் காட்டினார்கள். கட்டுரையை எழுதியவர்களில் ஒருவரே பின்னாளில் அந்த எண்ணைக் கைவிட்டுவிட்டார். லட்சக்கணக்கானவர்களின் வாழ்க்கையைக் கட்டுப்படுத்தும் சட்டங்களை நியாயப்படுத்த, சரிபார்க்கப்படாத ஒற்றை வாக்கியம் போதுமானதாக இருந்திருக்கிறது. வேறு எந்தக் குற்றத்துக்கும் இவ்வளவு அலட்சியத்தை நீதிமன்றங்கள் பொறுத்திருக்காது.

இனி எண்ணிப் பார்த்த கணக்குகள். 1994-ல் 15 மாநிலங்களில் விடுதலையான சுமார் 9,700 ஆண் பாலியல் குற்றவாளிகளில் 3 ஆண்டுகளுக்குள் பாலியல் குற்றத்துக்காக மீண்டும் கைதானவர்கள் 5 சதவீதத்துக்குச் சற்று மேல். 2005-ல் 30 மாநிலங்களில் விடுதலையானவர்களை 9 ஆண்டுகள் பின்தொடர்ந்தபோது ஏறக்குறைய 8 சதவீதம். கனடாவை முக்கியமாகக் கொண்ட ஹாரிஸ், ஹான்சன் ஆய்வு 2004-ல் வந்தது. அதில் 5 ஆண்டுக்கு 14, 10 ஆண்டுக்கு 20, 15 ஆண்டுக்கு 24 சதவீதம். எண்கள் மாறுவது ஏன்? வருடம் வேறு, ஆட்கள் வேறு, எண்ணும் முறை வேறு. அந்த ஒரே ஆய்வுக்குள்ளேயே 15 ஆண்டுக் கணக்கில், முன்பே பாலியல் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றிருந்தவர்களுக்கு 37, முதல் முறை சிக்கியவர்களுக்கு 19. பாலியல் குற்றவாளி என்ற ஒரே பெயருக்குள் இவ்வளவு வேறுபட்டவர்கள் இருக்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே எண்ணைக் கேட்காதீர்கள்.

சென்னையிலிருந்து ஒரு வாசகி: அப்படியானால் இவர்களால் ஆபத்தில்லை என்கிறீர்களா? பாதிக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் புகார் கொடுக்கிறார்கள்? உங்கள் கட்டுரை எனக்கு வேதனையாக இருந்தது.

உங்கள் கேள்வி நியாயமானது. அமெரிக்காவிலேயே பாலியல் வன்முறையில் நான்கில் ஒன்றோ மூன்றில் ஒன்றோதான் காவல்துறைக்குப் போகிறது. ஆகவே மறுகைதுக் கணக்கு எல்லாமே குறைந்தபட்சக் கணக்குதான். வெளியே வராதவை எத்தனையோ இருக்கும். ஒப்பீட்டளவிலும் ஆபத்து உண்டு. மேலே சொன்ன 9 ஆண்டுக் கணக்கில், பாலியல் குற்றத்துக்காகச் சிறையிலிருந்து வந்தவர்கள் மீண்டும் அதே குற்றத்துக்குக் கைதானது ஏறக்குறைய 8 சதவீதம் என்றால், பிற குற்றங்களுக்காகச் சிறையிலிருந்து வந்தவர்கள் பாலியல் குற்றத்துக்குக் கைதானது 2 சதவீதத்துக்குச் சற்று மேல். மூன்று மடங்குக்கும் அதிகம். இதை மறைத்து எழுதுபவர்களையும் நம்பாதீர்கள்.

நான் சொல்வது வேறு. நியூயார்க் மாநிலத்தில் 21 ஆண்டுக் கைதுப் பதிவுகளைப் பார்த்தபோது, பாலியல் குற்றக் கைதுகளில் 95 சதவீதம், முன்பு அத்தகைய தண்டனையே பெறாதவர்கள் மீது. பதிவேட்டில் இருக்க வாய்ப்பே இல்லாதவர்கள் அவர்கள். பாதிக்கப்பட்ட ஒரு பெண் தைரியமாகக் காவல் நிலையத்துக்குப் போனால் அங்கே நம்பிக் கேட்க ஆள் வேண்டும், வழக்கு விரைந்து நடக்க வேண்டும். பணமும் ஆட்களும் அங்கே போகாமல், விடுதலையானவர்களின் முகவரியைத் துரத்துவதில் போவதுதான் என் வருத்தம். புகார் குறைவு என்ற உங்கள் வாதம் பதிவேட்டுக்கு ஆதரவாக நிற்காது. புகார் வந்து தண்டனையானால்தான் பெயரே அதில் ஏறும்.

திருநெல்வேலியிலிருந்து குற்றவியல் மாணவர்: பதிவேடு பயனுள்ளதா இல்லையா? நாளை மறுநாள் ஆய்வேடு சமர்ப்பிக்க வேண்டும், சுருக்கமாகத் தரவும்.

இரண்டு நாளில் ஆய்வேடு எழுதக் கூடாது. நீங்கள் கேட்பதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன, அவற்றைப் பிரிக்காமல் பதில் சொல்ல முடியாது. காவல்துறை மட்டும் பார்க்கும் பதிவு ஒன்று. ஊருக்கெல்லாம் அறிவிப்பது இன்னொன்று. 1994-ன் வெட்டர்லிங் சட்டம் முதலாவதைக் கட்டாயமாக்கியது. 1996-ன் மேகன் சட்டம் இரண்டாவதைச் சேர்த்தது. பிரெஸ்காட், ராக்காஃப் இருவரும் 2011-ல் இவற்றைத் தனித்தனியாக எடைபோட்டார்கள். காவல்துறையிடம் பதிவு இருப்பது, பெரும்பாலும் தெரிந்தவர்கள் மீதான குற்றங்களைக் குறைத்ததாகத் தெரிந்தது. பகிரங்க அறிவிப்பு, புதிதாகக் குற்றம் செய்ய நினைப்பவர்களை ஓரளவு தடுக்கலாம், ஆனால் ஏற்கெனவே பதிவானவர்களிடம் மறுகுற்றத்தைக் கூட்டக்கூடும். வேலையும் வீடும் கிடைக்காதவனுக்கு இழக்க எதுவும் மிஞ்சுவதில்லை என்பது அவர்கள் தரும் விளக்கம். மூல ஆய்வைப் படியுங்கள். இந்தப் பத்தியை அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள்.

டொரோன்டோ வாசகர்: பள்ளிக்கும் பூங்காவுக்கும் அருகே இவர்கள் குடியிருக்கக் கூடாது என்று சட்டம் போடுவதில் என்ன தவறு? இது வெறும் பொது அறிவுதானே?

கேட்கும்போது சரியாகத்தான் படுகிறது. மினசோட்டாவில் மறுகுற்றம் செய்து மீண்டும் சிறைக்கு வந்த 224 பேரின் வழக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து, குடியிருப்புத் தடை இருந்திருந்தால் இதைத் தடுத்திருக்குமா என்று பார்த்தார்கள். 2008-ல் முடிவு வந்தது. ஒன்றைக்கூடத் தடுத்திருக்காது. பள்ளி வாசலில் நின்று குழந்தையைப் பிடித்தவர்கள் அல்ல அவர்கள். பலர் குழந்தையின் தாயோடோ குடும்பத்தோடோ பழகி, அதன் வழியாக நெருங்கியவர்கள். இத்தனை அடி தள்ளி இரு என்ற எந்த விதியும் அந்தப் பழக்கத்தைத் தடுக்காது.

விளைவு என்ன ஆனது என்பதையும் பாருங்கள். மயாமியில் பள்ளிகளிலிருந்து 2,500 அடி தள்ளித்தான் குடியிருக்கலாம் என்று உள்ளூர் விதி வந்தது. நகரத்தில் இடமே மிஞ்சாமல், 2007-க்கும் 2010-க்கும் இடையே நூறு பேருக்கு மேல் ஜூலியா டட்டில் கடல்பாலத்தின் அடியில் கூடாரம் போட்டு வாழ்ந்தார்கள். கண்காணிப்பு அதிகாரிகள் இரவில் அங்கேயே வந்து ஆள் இருக்கிறாரா என்று சரிபார்த்தார்கள். அயோவா மாநிலம் 2,000 அடி வைத்தது. 2006-ல் அந்த மாநில அரசு வழக்கறிஞர்களின் சங்கமே, இது குழந்தைகளைக் காக்கவில்லை, ஆட்கள் முகவரி கொடுக்காமல் மறைந்துபோகிறார்கள் என்று அறிக்கை விட்டது. 2009-ல் சட்டத்தைத் தளர்த்தினார்கள். எங்கே இருக்கிறார் என்று தெரிய வேண்டும் என்பதுதானே பதிவேட்டின் நோக்கம்? நிலையான வீடு, வேலை, கண்டித்துச் சொல்ல நாலு உறவுகள், இவை இருப்பவர்கள்தான் மீண்டும் குற்றம் செய்வது குறைவு. இந்தத் தடை அவை அத்தனையையும் பறிக்கிறது.

லண்டன் வாசகர்: எங்கள் நாட்டிலும் இதே முறைதானா?

இல்லை. 1997 முதல் பதிவேடு உண்டு, ஆனால் பொதுமக்கள் பார்க்க முடியாது. உங்கள் குழந்தையோடு பழகும் ஒருவரைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் காவல்துறையிடம் விண்ணப்பிக்கலாம். ஆபத்து உண்டு என்று கண்டால் உங்களிடம் மட்டும் ரகசியமாகச் சொல்வார்கள். 2008-ல் சோதனையாகத் தொடங்கியது, இப்போது இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும் இருக்கிறது. எனக்கு இது மேல் என்று தோன்றுகிறது.

ஈரோடு வாசகர்: சிகிச்சையால் இவர்கள் திருந்துவார்களா?

எந்தச் சிகிச்சை என்பதைப் பொறுத்தது. 2005-ல் லோசல், ஷ்முக்கர் தொகுத்த 69 ஆய்வுகளில் மீண்டும் பாலியல் குற்றத்தில் சிக்கியவர்கள், சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 11, பெறாதவர்களில் 17.5 சதவீதம். ஆனால் இங்கிலாந்துச் சிறைகளில் வருடக்கணக்காக நடந்த குழுச் சிகிச்சையை 2017-ல் மதிப்பிட்டபோது, பெற்றவர்களில் 10, பெறாதவர்களில் 8 சதவீதம் பேர் மறுகுற்றம் செய்திருந்தார்கள். திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். நல்லெண்ணத்தோடு தொடங்கியது என்பதற்காகத் தொடராமல், எண்ணிப் பார்த்து நிறுத்தியதற்காக அவர்களைப் பாராட்ட வேண்டும். கனடாவின் ஹாமில்டனில் 1994-ல் மெனனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் தேவாலயத்தினர் தொடங்கிய முறையும் கவனிக்கத்தக்கது. விடுதலையானவரைச் சுற்றித் தன்னார்வலர்கள் சிலர் இருந்து, துணையாகவும் காவலாகவும் இருப்பார்கள். நம்பிக்கை தரும் முடிவுகள் வந்திருக்கின்றன. ஆய்வுகள் சிறியவை.

பெயர் வேண்டாம் என்று கேட்ட அமெரிக்க வாசகர்: உறவினர் மகன், 14 வயது. தவறு செய்துவிட்டான். இனி வாழ்நாள் முழுவதும் இப்படித்தான் இருப்பானா?

பெரும்பாலும் இல்லை. கால்ட்வெல் 2016-ல் தொகுத்த 106 ஆய்வுகளில், சுமார் 33,000 சிறார்களில் மீண்டும் பாலியல் குற்றத்தில் சிக்கியவர்கள் 5 சதவீதம். 2000-க்குப் பிந்தைய ஆய்வுகளை மட்டும் எடுத்தால் 3-க்கும் கீழே. பாதிக்கப்பட்ட குழந்தைக்கு முதலில் உதவி கிடைத்ததா என்று பாருங்கள், அதற்கு அடுத்துப் பையனுக்குக் குடும்பத்தோடு சேர்ந்த சிகிச்சை. 2006-ன் ஆடம் வால்ஷ் சட்டம் கடுமையான குற்றங்களில் 14 வயதினரையும் பதிவேட்டில் ஏற்றச் சொல்கிறது. மாநிலத்துக்கு மாநிலம் நடைமுறை மாறும், அதனால் சிறார் வழக்குகள் தெரிந்த வழக்கறிஞரை இன்றே பாருங்கள். சௌத் கரோலினாவில் சிறார் பதிவு மறுகுற்றத்தைக் குறைக்கவில்லை என்று ஆய்வாளர் எலிசபெத் லெட்டர்னோ காட்டியிருக்கிறார். பதிவேட்டில் ஏறிய சிறுவர்களிடம் தற்கொலை முயற்சிகள், ஏறாதவர்களைவிடச் சுமார் நான்கு மடங்கு என்பதும் அவர் ஆய்வில் வந்தது. அவனைத் தனியே விடாதீர்கள்.

மதுரை, சேலம், பெங்களூரிலிருந்து பலர்: இந்தியாவிலும் படத்தோடு வெளியிட்டால் என்ன?

இந்தியாவில் தேசியத் தரவுத்தளம் 2018 செப்டம்பரில் வந்துவிட்டது, சுமார் 4.4 லட்சம் பதிவுகளோடு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பராமரிக்கிறது, காவல்துறையும் விசாரணை அமைப்புகளும் மட்டும் பார்க்கலாம். அப்படியே இருக்கட்டும். அதே காப்பகத்தின் கணக்கில், பாலியல் வன்கொடுமை வழக்குகளில் 90 சதவீதத்துக்கு மேல் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவர்கள் மீது. சித்தப்பாவின் படத்தை வெளியிட்டால் எந்தக் குழந்தை என்று தெருவே கண்டுபிடித்துவிடும். குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு சொல்வதற்குப் பொருளே இருக்காது. படம் ஊரெல்லாம் போகும் என்று தெரிந்தால், தயங்கிக்கொண்டிருக்கும் தாய் புகார் கொடுக்கவே மாட்டாள். குழந்தைக்கு ஏதேனும் நடந்தது தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள். தெரிந்தும் புகார் செய்யாமலிருப்பதும் போக்சோவில் குற்றம்.

புதுச்சேரி வாசகர்: பாலியல் குற்றம் செய்த பெண்களில், மீண்டும் பாலியல் குற்றம் செய்பவர்கள் எவ்வளவு?

சுமார் 6 ஆண்டுக் கணக்கில், 3 சதவீதத்துக்கும் கீழே.