கட்டடத்தின் கரண்ட் செலவைக் கணக்கிடும் எனர்ஜிபிளஸ் மென்பொருள்ல சிஓபி (ஒரு வாட் கரண்டுக்கு எத்தனை வாட் குளிர்ச்சி) கட்டத்தில் எந்த எண்ணைப் போடுவது? வடசென்னை நண்பர்களின் கேள்விகளும் பதில்களும்

வியாசர்பாடி மாணவி: அண்ணா, டக்ட் ஏசி கேட்லாக்ல இஇஆர் 10.4னு இருக்கு. எனர்ஜிபிளஸ் சிஓபி கேக்குது. 3.412ஆல வகுத்தா போதுமா?

இஇஆர் என்பது ஒரு வாட் கரண்டுக்கு மணிக்கு எத்தனை பிடியூ குளிர்ச்சி என்ற கணக்கு. மணிக்கு 3.412 பிடியூ ஒரு வாட், அதனால் வகுத்தால் 3.05 வரும்மா, ஆனால் அதை அப்படியே போடக் கூடாது. கேட்லாக் எண்ணில் உள்ளே காற்றடிக்கும் ஃபேனின் கரண்டும் சேர்ந்திருக்கும், அந்த ஃபேன் கிளப்பும் சூடு குளிர்ச்சியிலிருந்து கழிக்கப்பட்டிருக்கும். மென்பொருள் கேட்பது கிராஸ் சிஓபி, அதாவது கம்ப்ரஸரும் கண்டென்ஸர் ஃபேனும் மட்டும். உன் மெஷின் 35 கிலோவாட் குளிர்ச்சி, மொத்தம் 11.5 கிலோவாட் கரண்ட், அதில் சப்ளை ஃபேன் 1.5 என்று வைத்துக்கொள். குளிர்ச்சியோடு 1.5ஐக் கூட்டினால் 36.5, கரண்டில் 1.5ஐக் கழித்தால் 10, ஆக சிஓபி 3.65. நீ 3.05 போட்டுவிட்டு ஃபேனையும் தனியாக மாடல் செய்தால் ஒரே ஃபேனுக்கு இரண்டு முறை கரண்ட் கணக்காகும். நான் பார்க்கும் மாடல்களில் அதிகம் இருக்கும் பிழை இதுதான், தயவுசெய்து முதலில் இதைச் சரி பாருங்கள்.

தண்டையார்பேட்டை தம்பி: ஸ்டார் லேபிள்ல ஐஎஸ்இஇஆர் 5 இருக்கே, அதைப் போடலாமா?

வேண்டாம் தம்பி. அது 24லிருந்து 43 டிகிரி வரை, வருஷத்துக்கு 1600 மணி நேரம் என்று வைத்துப் போட்ட சீசன் சராசரி. வெளி வெப்பத்துக்கு ஏற்ப மாற்றுகிற வேலையை மென்பொருளின் கர்வ் என்ற சூத்திரம் ஏற்கனவே செய்கிறது. அதனால் வெளியே 35 டிகிரியில் டெஸ்ட் செய்த எண்ணைத்தான் தேட வேண்டும்.

மணலி சைட் இன்ஜினியர்: சார், மே மாத ரிசல்ட் நிஜ பில்லைவிடக் குறைவா வருது. சிஓபியைக் குறைச்சிடலாமா?

குறைத்தால் மே சரியாகும், டிசம்பர் கெட்டுப்போகும். இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று கர்வ்: டெஸ்ட் நிலையில் அதன் மதிப்பு 1 வர வேண்டும், அப்புறம் அதன் உச்ச வரம்பைத் தாண்டி வெளி வெப்பம் போனால் மென்பொருள் வரம்பிலேயே நிறுத்திக் கணக்கிடும், சத்தமே போடாது. மாடியில் நாலு சுவருக்கு நடுவே அடுக்கி வைத்த அவுட்டோர் யூனிட்கள் தங்கள் சூட்டையே திரும்ப இழுக்கும், வானிலை ஃபைலுக்கு அது தெரியாது. இன்னொன்று அந்த ஃபைல். சென்னைக்கு வழக்கமாகக் கிடைப்பது மீனம்பாக்கம் ஃபைல். எண்ணூர், காசிமேடு பக்கம் கடல் காற்று மீனம்பாக்கத்தை எட்டுவதற்கு முன்பே வந்துவிடும், ஈரப்பதமும் கூடுதல். நிஜ பில்லோடு ஒப்பிட வேண்டுமென்றால் அந்த வருஷத்து வானிலையையே போட்டு ஓட்டுங்கள்.

பெரம்பூர் அக்கா: பெரிய யூனிட் போட்டா பகுதி லோடில் கரண்ட் எகிறுமா?

ஆன்-ஆஃப் மெஷினில் கொஞ்சம் ஏறும் அக்கா. வழக்கமான சூத்திரம் 0.85 + 0.15 × லோடு விகிதம். கால் லோடில் 0.8875 வரும், 25ஐ அதால் வகுத்தால் 28, அதாவது 25 சதவீதம் ஓட வேண்டிய மெஷின் 28 சதவீதம் ஓடும். இன்வெர்ட்டருக்கு இந்தச் சூத்திரத்தைப் போடாதீர்கள், அதற்கு மென்பொருளில் வேறு ஆப்ஜெக்ட் (மாடல் வகை) இருக்கிறது.

ராயபுரம் நண்பர்: சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் பெரிய மெஷின்) டன்னுக்கு 0.6 கிலோவாட்னா சிஓபி எவ்வளவு?

ஒரு டன் குளிர்ச்சி 3.517 கிலோவாட், அதை 0.6ஆல் வகுத்தால் 5.86. ஆனால் அது கண்டென்ஸர் தண்ணீர் 29.4 டிகிரியில் உள்ளே வந்தால் கிடைப்பது. ஈரக்குமிழ் வெப்பநிலை (ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டுவது) 27, 28 என்று நிற்கும் நாளில் கூலிங் டவர் 31, 32 டிகிரி தண்ணீர்தான் தரும், அங்கே கர்வில் கரண்ட் எவ்வளவு ஏறுகிறது என்று சில்லர் கம்பெனியின் டேபிளோடு வைத்துப் பாருங்கள்.