ரி கலத்துக்கு ஏன் இந்தச் சுற்றுவழி?

வணக்கம் அண்ணன்,

உங்கள் டெங்குக் கட்டுரையில், ரி கலம் (நோயை எதிர்க்கும் ஒரு வகை வெண்குருதிக்கலம்) வைரசை நேரே பார்ப்பதில்லை, இன்னொரு கலம் வெட்டிக் காட்டும் துண்டைத்தான் பார்க்கிறது என்று எழுதியிருந்தீர்கள். குருதியில் திரியும் பிறபொருளெதிரிப் புரதம் நேரே போய்ப் பிடிக்கிறதே, இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு சுற்று? நேரம் வீண்தானே? அக்காவின் மகன் டெங்குவோடு வார்ட்டில் கிடந்த நாளிலிருந்து இதே யோசனை.

வாசகர், களுவாஞ்சிக்குடி

அன்புள்ள தம்பி,

சுற்றுவழிதான். ஆனால் பிறபொருளெதிரி பிடிப்பது வெளியே திரியும் வைரசை. கலத்துக்குள் புகுந்துவிட்டால் அதற்கு எட்டாது. அப்போது கொல்ல வேண்டியது வைரசைப் பெருக்கித் தள்ளும் நம் சொந்தக் கலத்தை. எந்தக் கலம் என்று வெளியே நின்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வேலியோரம் கிடக்கும் நண்டுக் கோதைப் பார்த்தே அந்த வீட்டில் என்ன கறி என்று நம் ஊரில் சொல்லிவிடுவார்கள். கலமும் அப்படித்தான், உள்ளே நடப்பதை வெளியே போட்டு வைக்கிறது. உள்ளே உண்டாகும் புரதங்களைப் புரோட்டியசோம் என்ற கலத்தின் வெட்டும் பொறி வெட்டும். அதில் பெரும்பாலும் 8 முதல் 10 அமினோவமிலம் நீளமான துண்டுகள், அவற்றை ஏந்தும் எம்.எச்.சி முதல் வகை மூலக்கூறின் பள்ளத்தில் உட்கார்ந்து கலத்தின் மேற்பரப்புக்கு வரும். நோய் இல்லாத நாளிலும் இது ஓயாது. நம் சொந்தப் புரதத் துண்டென்றால் ரி கலம் பேசாமல் போய்விடும். அப்படிப் போகாதவற்றில் பெரும்பகுதியை, ரி கலங்கள் முதிரும் இடமான தைமசுச் சுரப்பி முன்கூட்டியே கழித்துவிடுகிறது. வைரசின் துண்டென்றால் அந்தக் கலத்தின் கதை முடிந்தது.

துண்டு சாவி, ரி கலம் பூட்டு என்று ரியூசன் குறிப்புகளில் வரும் படம் இந்த இடத்தில்தான் ஆளைக் குழப்புகிறது. ரி கலம் துண்டை மட்டும் பார்ப்பதில்லை, அதை ஏந்தும் மூலக்கூறையும் சேர்த்தே பார்க்கிறது. 1974இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் சிங்கர்நாகல், டொஹெர்ட்டி என்ற இரு ஆய்வாளர்கள் காட்டியது இதைத்தான். ஓர் எலியின் ரி கலங்கள், அதே வைரஸ் தொற்றிய வேறு இன எலியின் கலங்களைத் தொடவே இல்லை. வைரஸ் ஒன்றுதான், ஏந்தும் மூலக்கூறுதான் வேறு. 1996இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

சில வைரசுகள் எம்.எச்.சியை மேலே வரவிடாமல் தடுத்துத் தப்பப் பார்க்கும். சரி, எதையும் காட்டாத கலத்தைத் தேடிக் கொல்லவும் இயற்கைக் கொல்லிக் கலங்கள் இருக்கின்றன.

நேரத்தைப் பற்றிச் சொன்னது நியாயம். அனுபவமில்லாத ரி கலத்தை முதலில் எழுப்ப வேண்டும். அது தோல் போன்ற இடங்களில் காவல் நிற்கும் டென்ட்ரிட்டிக் கலத்தின் வேலை. தோலிலிருந்து நிணநீர்க் கணுவரை நகர்ந்து போய்த் துண்டைக் காட்டும். அதோடு, ஆபத்து உண்மைதான் என்று இரண்டாவது சைகையும் கொடுக்க வேண்டும். அது இல்லாமல் துண்டை மட்டும் கண்ட ரி கலம் பெரும்பாலும் செயலிழந்துவிடும். சொந்த உடம்பையே தாக்காமல் இருக்க இந்தத் தாமதம் தேவை என்பேன். டெங்கு வைரஸ் பொல்லாதது. நுளம்பு குத்திய இடத்தில் இதே டென்ட்ரிட்டிக் கலங்களுக்குள்ளேயே புகுந்து பெருகத் தொடங்கிவிடுகிறது.