குடும்பப் பெயர் இல்லாமல் ஒற்றைப் பெயரோடு இருப்பது குறையா?

கேள்வி கேட்டவருக்குப் பெயர் ஒன்றுதான், குடும்பப் பெயர் கிடையாது. விண்ணப்பங்களில் 'கடைசிப் பெயர்' என்ற கட்டம் வந்தாலே திண்டாட்டமாக இருக்கிறதாம். இது தன் பெயரில் உள்ள குறையா என்கிறார். இல்லை, குறை அந்தக் கட்டத்தில்தான். நானும் ஒற்றைப் பெயர்க்காரன், பட்டவன். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

ஒருமுறை இணையத்தில் விமான டிக்கெட் போட உட்கார்ந்தேன். கடைசிப் பெயர் கட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம், நிரப்பாமல் நகர முடியாது. புள்ளி வைத்துப் பார்த்தேன், ஏற்கவில்லை. கோடு போட்டேன், 'சரியான பெயரை உள்ளிடவும்' என்றது. வெறுத்துப்போய் என் பெயரையே இன்னொரு முறை அடித்தேன். உடனே பச்சை டிக் வந்துவிட்டது.

அப்போது நினைவுக்கு வந்தவர் பூத்ரோஸ் பூத்ரோஸ் காலி. 1992 முதல் 1996 வரை ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த எகிப்தியர். அவர் பெயர் இரட்டித்தது கட்டத்தை நிரப்புவதற்காக அல்ல. 1910இல் சுட்டுக் கொல்லப்பட்ட எகிப்தியப் பிரதமர் பூத்ரோஸ் காலி அவருடைய தாத்தா. தாத்தாவின் முழுப் பெயர் குடும்பப் பெயராகப் பின்னால் நிற்க, முன்னாலும் அதே பூத்ரோஸ் வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்த ஐ.நா. நாற்காலியில் இருந்தவர்களின் பட்டியலை மட்டும் பார்த்தாலே உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். ஊ தாண்ட் பர்மியர், உங்களையும் என்னையும் போல ஒற்றைப் பெயர். தாண்ட் மட்டும்தான் பெயர். 'ஊ' என்பது வயதில் மூத்த ஆணை மரியாதையாகக் குறிக்கும் சொல். பத்தாண்டு உலகப் பஞ்சாயத்து செய்தவருக்குக் குடும்பப் பெயர் தேவைப்படவில்லை. கோஃபி அன்னான் கானா நாட்டுக்காரர். அங்குள்ள அகான் மக்களிடம் பிறந்த கிழமையே பெயராகும். கோஃபி என்றால் வெள்ளிக்கிழமை பிறந்த ஆண். அவருக்கு நடுவில் 'அட்டா' என்றொரு பெயரும் உண்டு, இரட்டையரில் ஒருவர் என்று பொருள். தந்தை வழியாக வந்த அன்னான் என்பதற்கு நான்காவது பிள்ளை என்று அர்த்தம். பான் கீ மூனுக்குப் 'பான்' தான் குடும்பப் பெயர், கொரிய வழக்கப்படி முன்னால் வரும். அவரிடம் 'முதல் பெயர் என்ன' என்று கேட்டால் எதைச் சொல்வார்?

ஒவ்வொரு சமூகமும் ஒரு பிள்ளையிடம் முதலில் எதைக் கேட்கிறதோ அதைத்தான் பெயராக வைக்கிறது. யார் வீட்டுப் பிள்ளை என்று சிலர், எந்தக் கிழமை என்று சிலர், எத்தனையாவது என்று சிலர். குடும்பப் பெயரைக் கேட்பது பெரும்பாலும் அரசாங்கம்தான். வரி வாங்க வேண்டும், படைக்கு ஆள் எடுக்க வேண்டும், ஒரே பெயரில் ஊரில் பத்துப் பேர் இருந்தால் கணக்கருக்குத் தலைவலி.

பிலிப்பைன்ஸில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். ஸ்பானிய ஆளுநர் நார்சிசோ கிளாவேரியா 1849இல் ஓர் ஆணை போட்டார். குடும்பப் பெயர்களை அகர வரிசையில் தொகுத்து ஒரு பட்டியலே அச்சிட்டு, மாகாணங்களுக்கு அனுப்பிவைத்தார். அதிலிருந்து குடும்பத்துக்கு ஒன்று. சில ஊர்களுக்கு ஒரே எழுத்தில் தொடங்கும் பக்கங்கள்தான் போய்ச் சேர்ந்தன போலிருக்கிறது. அல்பாய் மாகாணத்து ஓவாஸ் ஊரில் பலருடைய குடும்பப் பெயர்கள் இன்றும் 'ஆர்' எழுத்தில்தான் தொடங்குகின்றன. பரம்பரைப் பெருமை என்று நாம் நினைப்பது ஒரு குமாஸ்தா கிழித்துக் கொடுத்த தாளாக இருக்கலாம்! துருக்கியில் 1934இல்தான் சட்டம் போட்டு எல்லோருக்கும் குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கினார்கள். துருக்கிக் குடியரசை நிறுவிய முஸ்தபா கெமாலுக்கு 'அத்தாதுர்க்' என்ற பெயரே அப்போது நாடாளுமன்றம் கொடுத்ததுதான்.

குடும்பப் பெயர் இல்லாவிட்டால் நாடு நடக்காதா? ஐஸ்லாந்தில் நன்றாகவே நடக்கிறது. அங்கே பெரும்பாலானோருக்குப் பின்னால் வருவது தந்தை அல்லது தாயின் பெயரோடு 'மகன்', 'மகள்'. 1980இல் அதிபரான விக்டிஸ் ஃபின்போகாடோட்டிர், ஃபின்போகியின் மகள். தொலைபேசிப் புத்தகத்தையே முதல் பெயரின் வரிசையில்தான் அடுக்கினார்கள்.

அரசாங்கம் பெயரில் கை வைப்பது எப்போதும் இப்படி வேடிக்கையாக முடிவதில்லை. 1984-85 குளிர்காலத்தில் பல்கேரியாவின் கம்யூனிச அரசு, அங்கிருந்த துருக்கிய முஸ்லிம்களின் பெயர்களைப் பலவந்தமாகப் பல்கேரியப் பெயர்களாக மாற்றியது. ஒருவரல்ல, இருவரல்ல, லட்சக்கணக்கானவர்கள். ஆட்சி கவிழ்ந்த பிறகுதான் பழைய பெயர்களைத் திரும்ப வாங்க முடிந்தது. ஆட்களை அப்படியே விட்டுவிட்டு அவர்கள் பெயரை மட்டும் மாற்ற ஓர் அரசு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று யோசித்தால், பெயரில் எவ்வளவு இருக்கிறது என்பது தெரியும்.

கல்யாணம் ஆனால் பெயர் மாறுவது தனிக் கதை. ஜப்பானியச் சட்டப்படி தம்பதிக்கு ஒரே குடும்பப் பெயர்தான் இருக்க வேண்டும். யாருடையது என்று சட்டம் சொல்லவில்லை, ஆனாலும் மாற்றிக்கொள்வது பெரும்பாலும் பெண்தான். கனடாவின் கியூபெக்கில் 1981 முதல் நேர் எதிர். கல்யாணத்தைக் காட்டிப் பெயரை மாற்றவே முடியாது.

சரி, உங்களுக்குக் காரியம் ஆக வேண்டும். உங்களுக்குப் பிடித்தால் தந்தை பெயரையோ தாய் பெயரையோ பின்னால் சேர்த்துக்கொள்ளுங்கள், அதில் தப்பில்லை. ஆனால் ஒரு கட்டத்துக்குப் பயந்து சேர்க்காதீர்கள். சேர்த்தால் எல்லா ஆவணங்களிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். சேர்க்காவிட்டால் சில விசித்திரங்களுக்குத் தயாராக இருங்கள். அமெரிக்க விசாவில் உங்கள் ஒரே பெயர் குடும்பப் பெயர் கட்டத்துக்குப் போய்விடும். முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று வரும், முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம்.

என் டிக்கெட் என்ன ஆனது என்று கேட்பீர்கள். கவுன்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார், விட்டுவிட்டார். விமானம் ஏறும் முன் ஒலிபெருக்கியில் என் பெயர் இரண்டு முறை கேட்டது. முழுப் பெயரைச் சொல்கிறார்களா, அவசரமாகக் கூப்பிடுகிறார்களா என்று தெரியாமல் ஓடினேன்.