14 மாதம், இன்னும் சுவரைப் பிடித்தபடி

கேள்வி: என் மகளுக்கு 14 மாதம். சுவர், கட்டில் என்று எதையாவது பிடித்துக்கொண்டு வீட்டையே சுற்றி வருகிறாள், கையை விட்டால் பொத்தென்று உட்கார்ந்துவிடுகிறாள். பக்கத்து வீட்டுப் பையன் 10 மாதத்தில் நடந்துவிட்டானாம், மாமியார் தினமும் சொல்லிக் காட்டுகிறார். அடுத்த மாதம் முதல்முறையாக அவளோடு ஏற்காடு போக நினைக்கிறோம். நடந்த பிறகு போவதுதான் நல்லதா?
- ஒரு வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: பக்கத்து வீட்டுப் பையன் கதையை முதலில் விடுங்கள். பிடித்துக்கொண்டு நடக்கிற பிள்ளை நடையில் பாதி தூரம் வந்துவிட்டது. 18 மாதம் ஆகியும் தனியாக நடக்கவில்லை என்றால்தான் டாக்டரிடம் காட்ட வேண்டும். ஆனால் ஒரு காலை இழுத்து இழுத்து வைத்தாலோ, எப்போதும் ஒரே கையை மட்டும் பயன்படுத்தினாலோ, சொல்லிக்கொண்டிருந்த வார்த்தையை நிறுத்திவிட்டாலோ அதுவரை காத்திருக்காதீர்கள். நான் நடையைவிட அதிகம் கவனிப்பது வேறு: பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறாளா, வேண்டியதை விரலை நீட்டிக் காட்டுகிறாளா?

அப்புறம், உட்கார வைத்து ஓட்டும் சக்கர வாக்கர் வாங்கிவிடாதீர்கள். விபத்துக்குப் பயந்து கனடாவில் 2004லேயே அதைத் தடை செய்துவிட்டார்கள், நடை சீக்கிரம் வரவும் அது உதவாது. நம் ஊர் மர நடைவண்டி வேறு. அது பிள்ளை நின்றுகொண்டு தள்ளுவது, நீங்கள் கூடவே இருந்தால் போதும்.

ஏற்காட்டுக்குத் தாராளமாகப் போங்கள். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு, மேலே கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம், ஏற ஏறக் காது அடைக்கும். நமக்கு எச்சில் விழுங்கத் தெரியும், அவளுக்குத் தெரியாது, அதனால் நடுநடுவே வண்டியை ஓரங்கட்டிப் பால் கொடுங்கள், இல்லை இரண்டு மடக்கு தண்ணீர். கிளம்பும் முன் வயிறு முட்ட ஊட்டாதீர்கள். என் மகனுக்கு 3 வயதில் வழியில் பசிக்குமே என்று தயிர்சாதம் ஊட்டிக் கூட்டிப்போனேன், பாதி மலைகூட ஏறவில்லை, முழுவதும் என் புடவையில். இரண்டு வயதுக்குள் இந்த வாந்தி அவ்வளவாக வராது, இருந்தாலும் மாற்றுத்துணி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். வாந்தி மாத்திரையை நீங்களாகக் கொடுக்கவே கூடாது. முன் சீட்டில் மடியில் வைத்துப் போவதும் வேண்டாம்.

மேலே போய் ஒரே நாளில் எல்லாம் பார்க்க ஓடாதீர்கள். ஏரிக்குப் பக்கத்தில் அண்ணா பூங்கா போதும், புல்லில் செருப்பில்லாமல் நிற்க விடுங்கள், முதலில் காலைத் தூக்கிக்கொண்டு அழுவாள், அப்புறம் விடமாட்டாள். சாயங்காலம் குளிரும், குல்லா எடுத்துக்கொள்ளுங்கள். மே மாதக் கோடை விழா நாட்கள் என்றால் தள்ளிப்போடுங்கள், வளைவில் வண்டிகள் நகராமல் நிற்கும். இறங்கும்போது குப்பனூர் வழியாக வரலாம், சுற்றுதான், ஆனால் வளைவு குறைவு.